நாம் வாழும் நாடு: றீபே நகரத்துப் பழைய தேவாலயம்

டென்மார்க்கில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் தூரத்திலிருந்தே கண்ணிற்படுவது ஒரு தேவாலயந்தான். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, பக்கத்தில் ஒழுங்காகக் கத்தரித்த வேலிகளுடன் ஒரு சேமக்காலை. மொழிப் பாடசாலைக்குப் போகும்போதும் வேலைக்குப் போகும்போதும் நாளாந்தம் அதைக் கடந்து போகிறோம். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் எம்மவரில் குறைவு. "அது அவையின்ரை கோயில், எங்களுக்கு அங்கை என்ன வேலை?" என்ற எண்ணம் ஒரு காரணம். உள்ளே போகலாமா, போனால் யாரும் ஏதும் சொல்வார்களா என்ற தயக்கம் இன்னொரு காரணம்.

புதிதாக இந்நாட்டுக்கு வந்திருக்கும் குடும்பங்கள் ஒரு முறையாவது பார்க்க வேண்டிய தேவாலயம் ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறோம். அது யூலண்டின் தென்மேற்கே, எஸ்பியேர் நகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரத்திலுள்ள றீபே நகரத்து டொம்கியர்க். ஆயரின் ஆலயமாக இருந்தாலும் அந்த ஊர் மக்களுக்கு அதுவே பங்குக் கோயிலும் ஆகும். ஊர்ப் பிள்ளைகளின் ஞானஸ்நானம், கலியாணம், மரணச் சடங்கு எல்லாம் அங்கேதான் நடைபெறுகின்றன. இத்தேவாலயத்தின் கதை, அந்நியரான ஒரு சிறு கூட்டம் அரசனிடம் ஒரு துண்டு நிலம் கேட்டதில் தொடங்குகிறது. ஆகவே அது எமக்கும் சொல்ல ஏதோ வைத்திருக்கும் கதை.

நிலமும் மணியும்

றீபே டென்மார்க்கின் மிகப் பழைய நகரம். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதாவது 1300 வருடங்களுக்கு முன்னர், றீபே ஆற்றங்கரையில் கூடிய ஒரு சந்தைதான் நகரமாக வளர்ந்தது. கடலிலிருந்து ஆற்று வழியாகக் கப்பல்கள் வந்தன. பிறிஸ்லாந்து, றைன் நதிப் பிரதேசம், இங்கிலாந்து என்று பல இடங்களுடனும் வியாபாரம் நடந்தது. இங்குள்ள மக்கள் அப்பொழுது தோர், ஓடின் முதலிய தெய்வங்களை வழிபட்டு வந்தார்கள். வந்துபோன வியாபாரிகளில் பலர் கிறிஸ்தவர்கள்.

அந்தக் காலத்தில் பிரான்சு நாட்டு மடமொன்றிலிருந்து புறப்பட்டு வடநாடுகளில் கிறிஸ்தவ சமயத்தைப் போதித்தவர் அன்ஸ்கார் என்னும் துறவி. அவருடைய சீடரான றிம்பேர்ட் எழுதிய சரித்திரத்தில் இந்தக் கதை வருகிறது. முதலில் ஹேடபீ என்ற வர்த்தக நகரில் (இன்று அது யேர்மனியின் எல்லைக்குள் இருக்கிறது) ஒரு தேவாலயம் கட்ட டெனிஷ் அரசன் ஹோறிக் அனுமதி கொடுத்தான். 854இல் அந்த அரசன் போரில் இறந்தான். அடுத்து வந்தவன் இளவயதினன். அவனைச் சுற்றியிருந்தவர்கள், "அந்நிய தெய்வத்தை உள்ளே விட்டதால்தான் எங்களுடைய தெய்வங்கள் கோபித்தன" என்ற கருத்துடையவர்கள். ஹேடபீயின் தலைவன் தேவாலயத்தின் கதவைப் பூட்டி வழிபாட்டைத் தடை செய்தான். குருவானவர் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று.

சிறிது காலத்தின் பின் இரண்டாம் ஹோறிக் மனம் மாறினான். பூட்டிய தேவாலயம் திறக்கப்பட்டது. முன்னர் ஊரவர் பொறுக்கமாட்டாத ஒன்றுக்கும் அனுமதி கிடைத்தது என்று றிம்பேர்ட் குறிப்பிடுகிறார். அதுதான் மணி. தேவாலயத்தில் ஒரு மணியைக் கட்டி அடிக்கலாம் என்று அரசன் சொல்லிவிட்டான். அத்துடன் றீபேயிலும் ஒரு தேவாலயம் கட்ட ஒரு துண்டு நிலமும், அங்கே ஒரு குருவானவர் குடியிருக்க உரிமையும் கொடுத்தான். இது 860ஆம் ஆண்டளவில் நடந்தது.

ஒரு சிறுபான்மைச் சமயத்தவர்கள் அந்நிய நாட்டில் எதையெதைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது என்று பாருங்கள். முதலில் நிலம், பிறகு குருவானவர் தங்குவதற்கு உரிமை, கடைசியில் மணியோசை. மணி மற்றவர்களின் காதிலும் விழும். அதனால்தான் அதற்கு அனுமதி கிடைக்க இவ்வளவு காலம் சென்றது போலும். பிறாண்டேயில் அபிராமி அம்பாளுக்கும் ஹேர்ணிங்கில் சித்திவிநாயகருக்கும் கோயில் அமைத்த எம்மவருக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

மண்ணுக்கடியில் கிடைத்த சாட்சி

றிம்பேர்ட் எழுதியது உண்மைதானா, அல்லது குருவைப் புகழ்வதற்காகச் சீடர் கூட்டி எழுதியதா என்ற கேள்வி நெடுங்காலமாக இருந்து வந்தது. ஏனென்றால் டென்மார்க் கிறிஸ்தவ நாடானது 965ஆம் ஆண்டளவில் ஹரால்ட் புளூடூத் மன்னன் காலத்தில் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. அந்த மன்னன் யெலிங்கில் நிறுத்திய பெரிய கல்லில், டெனிஷ் மக்களைக் கிறிஸ்தவர்களாக்கியவன் தான் என்று பொறித்து வைத்திருக்கிறான்.

2008ஆம் ஆண்டு தொடக்கம் றீபே தேவாலயத்தின் தென்புறத்தில் தொல்பொருள் ஆய்வாளர்கள் மண்ணை அகழ்ந்தபோது விடை கிடைத்தது. மத்தியகாலச் சேமக்காலைக்குக் கீழே அதைவிடப் பழைய புதைகுழிகள் வெளிப்பட்டன. உடல்கள் கிறிஸ்தவ முறைப்படி தலை மேற்கேயும் கால் கிழக்கேயுமாகக் கிடத்தப்பட்டிருந்தன. ஆண்கள், பெண்கள், சிறு குழந்தைகள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். இவற்றிற் பழையவை 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கணித்திருக்கிறார்கள். யெலிங் கல்லுக்கு ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பே றீபேயில் ஒரு கிறிஸ்தவச் சமூகம் குடும்பங்களாக வாழ்ந்து, பிள்ளைகளைப் பெற்று, இறந்தவர்களைத் தங்கள் முறைப்படி அடக்கம் செய்திருக்கிறது. தனி ஆண்களாக வந்துபோகும் வியாபாரிகளின் கூட்டமாக மட்டும் அது இருக்கவில்லை என்பதற்கு அந்தக் குழந்தைகளின் குழிகளே சாட்சி.

கடல் கடந்து வந்த கல்

948இல் றீபேக்கு முதலாவது ஆயர் நியமனம் பெற்றார். அப்போதிருந்தது மரத்தாலான தேவாலயமாகவே இருந்திருக்க வேண்டும். இன்று நாம் காணும் கற்கட்டடத்தின் வேலை 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கி, ஏறக்குறைய நூறு வருடங்களாக நடைபெற்றது. நிலம் கிடைத்த நாளிலிருந்து கல்லுக்கோயில் எழும்பத் தொடங்கும் வரை ஏறக்குறைய 300 வருடங்கள் சென்றிருக்கின்றன.

தென்மேற்கு யூலண்டில் கட்டடத்துக்கேற்ற நல்ல கல் கிடையாது. களிமண்ணும் மணலும்தான் உண்டு. செங்கல் சுடும் தொழில்நுட்பமோ அப்போதுதான் டென்மார்க்குக்கு வரத் தொடங்கியிருந்தது. ஆகவே யேர்மனியின் றைன் நதிக்கரையிலிருந்து ஒருவகைக் கல்லைக் கப்பலில் ஏற்றி, நதி வழியாகவும் பின் வடகடல் வழியாகவும் றீபேக்குக் கொண்டு வந்தார்கள். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல் அது. பாரம் குறைந்தது, வெட்டுவதற்கும் எளிது. எங்கள் ஊர் முருகைக்கல்லைப் போலப் பொத்தல் பொத்தலாக, மங்கலான மண்ணிறத்தில் இருக்கும். கட்டிய முறையும் றைன் பகுதித் தேவாலயங்களின் முறைதான். அரைவட்ட வளைவுகள், தடித்த சுவர்கள், நடுவிலே மேலே குவிந்த கூரை. இந்தத் தேவாலயத்தின் கல்லும் கட்டும் முறையும் வெளியிலிருந்து வந்தவையே.

15ஆம் நூற்றாண்டில் சனத்தொகை பெருகியபோது இரு பக்கமும் செங்கல்லால் மேலும் இடம் சேர்த்தார்கள். இதனால் உள்ளே ஐந்து வரிசைகளாக நீளும் மண்டபம் உண்டாயிற்று. டென்மார்க்கில் ஐந்து வரிசை கொண்ட பேராலயம் இது ஒன்றுதான்.

தேவாலயத்துக்குப் போகிறவர்கள் ஒரு விசயத்தைக் கவனிக்கலாம். சுற்றியிருக்கும் தெருக்களை விடத் தேவாலயம் பள்ளத்தில் நிற்கிறது. படியிறங்கித்தான் போக வேண்டும். கட்டியவர்கள் பள்ளத்தில் கட்டவில்லை. ஆயிரம் வருடமாக மனிதர் வாழ்ந்த குப்பையும், எரிந்து விழுந்த வீடுகளின் இடிபாடும், போட்ட மண்ணும் சேர்ந்து நகரத்தின் தரை மெல்ல மெல்ல உயர்ந்துவிட்டது. தேவாலயம் மட்டும் தன் பழைய தரையிலேயே நிற்கிறது.

பூனைத்தலைக் கதவு

தெற்குப் பக்கத்து வாசலைப் 'பூனைத்தலைக் கதவு' என்று ஊரவர்கள் அழைப்பார்கள். கதவிலுள்ள பிடிவளையத்தைக் கவ்விக்கொண்டிருக்கும் தலை உண்மையில் சிங்கத்தின் தலை. சிங்கத்தைக் காணாத ஊரில் அது பூனையாகிவிட்டது. வாசலின் இருபுறத்துத் தூண்களையும் கற்சிங்கங்கள் தாங்குகின்றன. மாமல்லபுரத்துச் சிங்கத் தூண்களைப் படத்திலாவது பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி போலத் தோன்றும்.

வாசலுக்கு மேலே கருங்கல்லிற் செதுக்கிய ஒரு சிற்பம் உண்டு. சிலுவையிலிருந்து இயேசுவின் உடலை இறக்கும் காட்சி அது. டென்மார்க்கின் மத்தியகாலச் சிற்பங்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக இதைக் கணிக்கிறார்கள். கருங்கல் மிகவும் கடினமானது, நுணுக்கமாகச் செதுக்க இடங்கொடாதது. அதனால் உருவங்கள் எளிமையாக இருக்கின்றன. ஆனாலும் துக்கம் தெரிகிறது. இதற்கும் மேலே முக்கோண வடிவில் இன்னொரு சிற்பம் இருக்கிறது. விண்ணக எருசலேம் நகரத்தைக் காட்டும் சிற்பம் அது. அதிலுள்ள அரச தம்பதியரை வல்டெமார் மன்னரும் டாக்மார் அரசியும் என்று சொல்வது வழக்கம். டாக்மார் பொஹீமியா நாட்டிலிருந்து மணமுடித்து வந்தவர். 1212இல் றீபேயில் இறந்தார். ஏழைகளுக்கு இரங்கியவர் என்று டெனிஷ் மக்கள் இன்றும் அவரைப் பாட்டில் நினைவுகூர்கிறார்கள். தேவாலயத்து மணிகள் மத்தியானம் 12 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் டாக்மாரின் பாட்டை இசைக்கின்றன. பிறநாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் நினைவாக இந்த ஊரின் மணி தினமும் ஒலிக்கிறது.

கதவின் வெண்கல வேலைப்பாடு பிற்காலத்தது. தேவாலயம் முழுவதையும் 1882 முதல் 1904 வரை திருத்தியமைத்தபோது அன்ன மரீ கார்ல் நீல்சன் என்ற சிற்பி செய்தது. ஒரு பெண் சிற்பியிடம் இத்தகைய வேலையை ஒப்படைப்பது அந்நாளில் அரிது.

கோபுரம்

முன்னர் மேற்குப் பக்கத்தில் இரண்டு கற்கோபுரங்கள் இருந்தன. 1283ஆம் ஆண்டு நத்தார்த் திருவழிபாடு நடந்துகொண்டிருந்த வேளையில் வடக்குக் கோபுரம் இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்களிற் பலர் மாண்டனர். அதற்குப் பதிலாக 1333இல் செங்கல்லால் எழுந்ததுதான் இப்போதுள்ள பெரிய சதுரக் கோபுரம். அதற்கு 'நகரமக்கள் கோபுரம்' என்று பெயர். தேவாலயத்தோடு ஒட்டியிருந்தாலும் அது நகரத்தின் காவற் கோபுரமாகவே பயன்பட்டது. தீப்பிடித்தால், எதிரி வந்தால், கடல் பொங்கினால் அங்கிருந்து மணியடித்து ஊரை எழுப்புவார்கள். 1594இல் அதன் உச்சிப்பகுதி விழுந்துவிட்டது. அதனால்தான் கூர்நுனி இல்லாமல் மொட்டையாக நிற்கிறது.

52 மீற்றர் உயரமான இந்தக் கோபுரத்தில் 248 படிகள் ஏறி மேலே போகலாம். அங்கிருந்து பார்த்தால் நாலாபக்கமும் தட்டையான புல்வெளி, மேற்கே வற்றுக்கடல். றீபே மக்கள் ஏன் கடலுக்கு அஞ்சினார்கள் என்பது அப்போது விளங்கும். 1634ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் திகதி இரவு வடகடல் பொங்கியது. இந்தக் கரையோரம் நெடுகிலும் ஆயிரக்கணக்கானோர் மூழ்கி இறந்தார்கள். றீபேயில் வெள்ளம் தெருக்களை மூடித் தேவாலயத்துக்குள்ளும் புகுந்தது. ஆற்றங்கரையில் ஒரு மரத்தூண் நிறுத்தி, எந்த ஆண்டு எந்த மட்டத்துக்கு வெள்ளம் வந்தது என்று வளையங்களால் குறித்து வைத்திருக்கிறார்கள். உச்சி வளையம் 1634ஆம் ஆண்டுக்குரியது. 2004 மார்கழி சுனாமியைக் கண்ட எமக்கு அந்த வளையத்தின் உயரத்தைப் பார்த்ததும் சொல்லாமலே விளங்கும்.

உள்ளே இருப்பவை

உள்ளே நுழைந்ததும் முதலிற் கவனத்தை இழுப்பது வெறுமைதான். எங்கள் மடு மாதா கோயிலையோ, ஊர்ச் சிவன் கோயிலையோ மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு "இவ்வளவுதானா?" என்று தோன்றும். சுரூபங்கள் குறைவு, பூமாலை இல்லை, சாம்பிராணி வாசமும் இல்லை. இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1536இல் டெனிஷ் அரசன் உரோமைத் திருச்சபையை விட்டு லூத்தரின் வழிக்கு நாட்டைத் திருப்பினான். அதன் பின் பக்கப் பீடங்களும் புனிதர்களின் சுரூபங்களும் காலப்போக்கில் நீங்கின. பிரசங்கமும் பாட்டும் வழிபாட்டின் நடுவிடத்தைப் பிடித்தன.

இந்த மாற்றத்தை டென்மார்க்கில் முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் ஹன்ஸ் தௌசன். துறவியாக இருந்து, மடத்தால் வெளியேற்றப்பட்டு, மக்களுக்கு விளங்கும் டெனிஷ் மொழியில் பிரசங்கித்தவர். மோசேயின் ஐந்து நூல்களை மொழிபெயர்த்து 1535இல் அச்சிட்டார். பின்னர் றீபேயின் ஆயராகி 1561இல் இங்கேயே காலமானார். அதுவரை லத்தீன் விளங்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்த மக்கள் தங்கள் சொந்த மொழியில் வழிபடத் தொடங்கினார்கள். தாய்மொழியில் கும்பிடுவதற்கு எல்லா இடத்திலும் யாராவது போராட வேண்டியிருந்திருக்கிறது.

நடு மண்டபத்தில் ஒரு தூணோடு ஒட்டியிருக்கும் பிரசங்க மேடை 1597ஆம் ஆண்டு மரத்திற் செதுக்கியது. மக்கள் கேட்பதற்கு வசதியாக அதை முன்னே பீடத்தடியில் வைக்காமல் சனத்தின் நடுவில் வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானத் தொட்டி வெண்கலத்தால் ஆனது. கத்தோலிக்க காலத்திலேயே வார்க்கப்பட்டு, 600 வருடங்களாக அதே வேலையைச் செய்து வருகிறது. சமயப் பிரிவு மாறியபோதும் இதை மாற்றவில்லை. தூண்கள் சிலவற்றில் 16ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் மங்கலாகத் தெரிகின்றன.

நிலத்திலும் சுவரிலும் கல்லறைக் கற்கள் பல உண்டு. செல்வந்த வியாபாரிகளும் ஆயர்களும் தங்கள் பெயரை இங்கே விட்டுச் சென்றிருக்கிறார்கள். இவர்களிலெல்லாம் மேலானவர் முதலாம் கிறிஸ்தோபர் மன்னர். 1259இல் அவர் றீபேயில் திடீரென இறந்தார். திருவிருந்தில் நஞ்சு வைத்துவிட்டார்கள் என்ற வதந்தி அக்காலத்தில் பலமாக இருந்தது. பீடத்தின் முன்னே அவருடைய கல்லறை இருக்கிறது.

வெளியே நிற்கும் சிலை ஹன்ஸ் அடொல்ப் புறொர்சன் என்பவருடையது. 1741 முதல் 1764 வரை இங்கே ஆயராக இருந்தவர். டென்மார்க்கின் தலைசிறந்த திருப்பாடலாசிரியர்களில் ஒருவர். பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகள் பாடும் நத்தார்ப் பாட்டுக்களிற் சில இவர் இயற்றியவை. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தேவாலய மணிகள் இசைப்பது இவருடைய பாடலொன்றைத்தான்.

பழையவற்றின் நடுவே பீடத்துக்குப் பின்னுள்ள வளைசுவர் மட்டும் திடீரெனப் பளிச்சென்று கண்ணைப் பறிக்கும். நீலமும் மஞ்சளும் சிவப்புமாக, சிறுபிள்ளைகள் தீட்டியது போன்ற உருவங்கள். கார்ல்-ஹெனிங் பீடர்சன் என்ற புகழ்பெற்ற ஓவியர் 1980களில் செய்த வேலை இது. ஏழு கற்பதிப்பு ஓவியங்கள், ஐந்து நிறக்கண்ணாடி யன்னல்கள், மேல் வளைவில் சுவரோவியம் என்று 1987இல் நிறைவு பெற்றது. 800 வருடத்துக் கட்டடத்தில் இப்படியும் செய்வதா என்று அந்நாளில் பெரிய வாக்குவாதம் நடந்தது. இன்று அதைப் பார்ப்பதற்கென்றே மக்கள் வருகிறார்கள். பழையதைப் போற்றிக் காப்பவர்களும் தங்கள் காலத்து வேலையை அதில் சேர்க்க அஞ்சவில்லை.

இங்கிருந்து புலம்பெயர்ந்த ஒருவர்

புலம்பெயர்வு எமக்கு மட்டும் உரியதல்ல. 19ஆம் நூற்றாண்டில் இலட்சக்கணக்கான டெனிஷ் மக்கள் வறுமை காரணமாக அமெரிக்காவுக்குப் போனார்கள். றீபேயில் 1849இல் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்த யாக்கொப் றீஸ் அவர்களில் ஒருவர். தச்சுவேலை பழகியவர். ஊரிலுள்ள எலிசபெத் என்ற பெண்ணை விரும்பினார், அவர் சம்மதிக்கவில்லை. 1870இல் கப்பலேறி நியூயோர்க் சென்றார். வேலையில்லாமல், பசியோடு, பொலிஸ் நிலையங்களில் வீடற்றோருக்கென இருந்த இடங்களில் படுத்து உறங்கினார். பிறகு பத்திரிகை நிருபராகி, தன்னைப் போல வந்து சேர்ந்த ஏழைக் குடியேறிகள் காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் நெருக்கியடித்து வாழ்வதைப் படம் பிடித்து 1890இல் புத்தகமாக வெளியிட்டார். அது அமெரிக்காவை உலுக்கியது. அவ்வீடுகளைச் சீர்திருத்தும் முயற்சிகளுக்கு அது தூண்டுதலாயிற்று.

இந்த யாக்கொப் றீஸ் 1876இல் ஊருக்குத் திரும்பி வந்து, முன்னர் மறுத்த அதே எலிசபெத்தைக் கைப்பிடித்தது இந்தத் தேவாலயத்தில்தான். பின் மனைவியுடன் நியூயோர்க்குக்கே திரும்பினார். அவர் பிறந்த ஊரில் 2019 முதல் அவருக்கு ஒரு நூதனசாலை இருக்கிறது. ஊரைவிட்டுப் போனவரை ஊர் மறக்கவில்லை.

அங்கே அவர்கள் கேட்ட நிலம்

இன்னொரு சரித்திரத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். 1618இல் கொப்பன்ஹேகனிலிருந்து புறப்பட்ட டெனிஷ் கப்பல்கள் 1620இல் இலங்கையை அடைந்து திருகோணமலையில் காலூன்ற முயன்றன. அது கைகூடவில்லை. அதே ஆண்டு தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடம் தரங்கம்பாடியில் நிலம் கேட்டுப் பெற்றார்கள். கோட்டை கட்டவும் வியாபாரம் செய்யவும் மட்டுமன்றி, தங்கள் லூத்தரன் சமயத்தை அங்கே தடையின்றி அனுட்டிக்கவும் அந்த உடன்படிக்கை இடமளித்தது. 1701இல் அங்கே சீயோன் தேவாலயம் எழுந்தது. 1706இல் டெனிஷ் அரசன் அனுப்பிய சீகன்பால்க் தமிழைக் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1715இல் அச்சிட்டு முடித்தார்.

றீபேயில் ஒரு கிறிஸ்தவத் துறவி டெனிஷ் அரசனிடம் கேட்டதை, 760 வருடங்களின் பின் டெனிஷ்காரர் ஒரு தமிழ்நாட்டு மன்னரிடம் கேட்டிருக்கிறார்கள். இப்போது நாம் இந்நாட்டு நகரசபைகளிடம் கேட்கிறோம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எமக்கும் தேவாலயத்துக்கும் உள்ள தொடர்பு

இதை வெறும் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். டென்மார்க்கில் பங்குத் தேவாலயத்தின் அலுவலகம் சமயம் எதுவானாலும் எல்லாருக்கும் பொதுவான பதிவாளர் கந்தோராகவும் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குருமார் பிறப்பு இறப்புகளைப் பதிந்து வைக்க வேண்டுமென்று அரசன் கட்டளையிட்டதிலிருந்து வந்த வழக்கம் இது. குழந்தை பிறந்தால் மருத்துவமாது அங்கேதான் அறிவிப்பார். குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் பெயர் வைத்து அங்கேதான் பதிவு செய்விக்க வேண்டும். விண்ணப்பத்தை இப்போது கணினி மூலமாகவே அனுப்பலாம். ஞானஸ்நானம் பெற வேண்டும் என்பதில்லை. தென் யூலண்டின் ஹாடஸ்லேவ், தொனர், ஓபென்றோ, சொனபோர் ஆகிய நான்கு கொமூன்களில் மட்டும் பிறப்பையும் பெயரையும் கொமூனே பதிவு செய்கிறது.

தேவாலய வரி அங்கத்தவர்களுக்கு மட்டுந்தான். அங்கத்தவரல்லாத எம்மிடம் அறவிட மாட்டார்கள். ஆனால் எச்சமயத்தவராயினும் தாம் வசிக்கும் பங்கின் சேமக்காலையில் இடம் பெறும் உரிமை உண்டு. தகனம் செய்து, சாம்பலைத் திறந்த கடலில் தூவ விரும்புபவர்கள், அந்த விருப்பத்தை உயிரோடிருக்கும்போதே எழுத்தில் வைத்திருந்தால் உரிய அனுமதியைப் பெறுவது பிள்ளைகளுக்கு எளிதாகும். பேசத் தயங்கும் விசயந்தான். என்றாலும் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே பேசி வைப்பது நல்லது.

போக விரும்புவோருக்கு

எஸ்பியேர் புகையிரத நிலையத்திலிருந்து றீபேக்கு அரைமணித்தியால அளவில் போய்ச் சேரலாம். றீபே நிலையத்திலிருந்து தேவாலயத்துக்கு நடந்தே போகலாம், கோபுரம் வழிகாட்டும். தேவாலயத்தினுள் போகக் கட்டணமில்லை. கோபுரத்தில் ஏறுவதற்கு மட்டும் கட்டணம் உண்டு. வழிபாடோ கலியாணமோ மரணச் சடங்கோ நடக்கும் நேரத்தில் பார்வையாளரை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே முன்கூட்டியே நேரத்தை விசாரித்துப் போவது நல்லது. எங்கள் வழக்கப்படி வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றுவது இங்குள்ள மரியாதை. மெதுவாகப் பேசினால் போதும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

கோடை காலத்தில் போனால் இரவு வரை நின்று, பழைய காலத்து உடையுடன் விளக்கேந்திப் பாடிக்கொண்டு தெருக்களைச் சுற்றி வரும் காவற்காரரையும் பார்க்கலாம். அவர் தேவாலயத்தின் முன்னுள்ள சதுக்கத்திலிருந்து புறப்படுவார்.

பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். பாடசாலையில் அன்ஸ்கார் பற்றிப் படிக்கும்போது "அந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன்" என்று அவர்கள் கையுயர்த்திச் சொல்லட்டும். இந்நாட்டின் சமயமும் ஒரு காலத்தில் இங்கே அகதி போல வந்து, கதவடைக்கப்பட்டு, திரும்பவும் வந்து நிலைத்த கதையை அவர்கள் வீட்டிலே தமிழில் கேட்டிருக்கட்டும்.